அண்ணிக்கு வயசான நாள்

போன வருஷம் வரை ஆதார் கார்டைக் கேட்டால், நான் என் நாத்தனாரைவிட இரண்டு வயது பெரியவள். என் வீட்டுக்காரரோ தன் கூடப் பிறந்த அக்காவைவிட எட்டு வயது மூத்தவர். "அப்போ சின்ன வயசுல என்னை இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சது யாரு?" என்று அவர் கார்டைப் பார்த்துக் கேட்பார். கார்டு பதில் சொல்லாது. இந்தக் கூத்து எப்படி வந்தது, அதை நாங்கள் எப்படி நேர் செய்தோம் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும்.

நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர், பிள்ளை கிடையாது. எங்கள் வீட்டை ஒட்டி ஓர் அறை போட்டுக்கொண்டு தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறார். மரக்காணம் உப்பளத்தில் உப்பு சுமந்தே காலத்தை ஓட்டியவர். என்னிடம் ஒரு கரண்டி டீத்தூள் வாங்கினால் மறுநாள் இரண்டு கரண்டியாகத் திரும்பி வரும். "எதுக்கு அண்ணி இதெல்லாம்?" என்றால், "நான் இன்னா உன் கையைப் பாத்துக்கினா இருக்கேன்?" என்பார்.

நானும் அதே அளத்தில், அண்ணியின் செட்டில்தான் வேலை பார்க்கிறேன். எங்கள் செட்டு முழுக்கப் பெண்கள். நான் பத்தாவது வரை படித்துவிட்டு வந்தவள் என்பதால் மனு எழுதுவதும் சண்டை போடுவதும் என் பொறுப்பு. இரண்டாவதுக்குப் படிப்பு தேவையில்லை, ஆனாலும் அதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஊரெல்லாம் பொங்கலுக்கு வெள்ளை அடிப்பார்கள். எங்கள் தெருவில் பொங்கல் முடிந்ததும் கறுப்பு அடிப்போம். மழைக்காலம் போய், உப்புப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்துகிற வேலை தை மாதத்தில் ஆரம்பிக்கும். அன்றைக்குத்தான் அந்த வருஷத்துக்கு யார் வேலைக்கு, யார் வீட்டுக்கு என்று மேஸ்திரி பிரிப்பார். வரிசையாக நிற்க வைத்து முகத்தைப் பார்க்க மாட்டார், தலையைப் பார்ப்பார். "தலை நரைச்சா கால் வழுக்கும்" என்பது அவர் கண்டுபிடித்த பழமொழி. அதனால் முந்தின நாளே பெட்டிக்கடையில் தலைச்சாயம் வாங்கி, கொட்டாங்கச்சியில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒருத்திக்கொருத்தி பூசிவிடுவோம். மறுநாள் விடிந்தால் எங்கள் செட்டில் எல்லாருக்கும் காக்கா நிறத்தில் முடி. அதற்கப்புறம் மாதாமாதம் பூச வேண்டும். தீபாவளிக்கு எண்ணெய் வாங்க மறந்தாலும் மறப்போம், இதை மறக்க மாட்டோம்.

கார்டில் வயது குறைந்ததும் இதே பயத்தால்தான். ஆதாருக்குப் போட்டோ பிடிக்கிற முகாம் பள்ளிக்கூடத்தில் நடந்தபோது உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்தது. மேஸ்திரியே எங்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார். சீக்கிரம் முடித்துத் திரும்ப அளத்துக்கு ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்று பக்கத்திலேயே நின்றார். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தவர் முதல் ஆளைப் பார்த்து, "வயசு எத்தனைம்மா?" என்று கேட்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை, மேஸ்திரியைப் பார்த்தாள். "நாப்பது" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் அவளைவிடப் பெரியவள். அவளும் நாப்பது என்றாள். ஐம்பதைத் தாண்டிய அண்ணியும் கூசாமல் நாப்பது என்றார். ஊரில் ஒரே வருஷத்தில் இத்தனை பெண் குழந்தைகளா என்று தட்டுகிறவர்கூடக் கேட்கவில்லை. நான் மட்டும் பள்ளிக்கூடச் சான்றிதழைக் கையில் வைத்திருந்ததால் எனக்கு உண்மையான வயது விழுந்தது. அன்றைக்கு டிராக்டரில் திரும்பும்போது எல்லாரும் என்னைப் பாவம் என்று பார்த்தார்கள்.

போன வருஷம் மாசி மாதம், தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நடந்தபோது அண்ணி வழுக்கி விழுந்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நாங்கள் சிரித்துக்கொண்டேதான் தூக்கிவிட்டோம். ஆனால் முட்டி வீங்கிவிட்டது. அதற்கப்புறம் இழுத்து இழுத்துத்தான் நடந்தார். மேஸ்திரி ஒரு வாரம் கவனித்துவிட்டு, "இந்த சீசனோட நிறுத்திக்கம்மா. அடுத்த தைக்கு வராத" என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணி எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர், "இன்னாக்கா, நான் இல்ல? ஒரு வாய் சோறு எங்க வூட்ல கெடைக்காதா உனக்கு?" என்றார். அண்ணி முகம் சுருங்கிப்போனது. தம்பி அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாய் சோற்றை வாங்கக் கூடாது என்றுதான் அண்ணி ஒரு ஆயுசு முழுக்க உப்பு சுமந்தார். இது எனக்குத் தெரியும், கூடப் பிறந்தவருக்குத் தெரியவில்லை.

அண்ணிக்கு ஒரு வழி இருந்தது. உப்பளத் தொழிலாளி என்று நலவாரியத்தில் எப்போதோ பதிந்து வைத்திருந்தார். அறுபது முடிந்தால் மாதாமாதம் பென்ஷன். அண்ணிக்கு அறுபத்தாறு. மறுநாளே கார்டுகளை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். அங்கே இருந்த பெண் ரொம்ப மரியாதையாக, "பாட்டி, உங்களுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்குது" என்றது. எனக்கு வந்ததே கோபம். "பாட்டின்னும் கூப்புடுற, வயசு ஆகலைன்னும் சொல்ற. ரெண்டுல ஒண்ணைச் சொல்லும்மா" என்றேன். அந்தப் பெண் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டியது. அங்கே அண்ணிக்கு ஐம்பத்து மூன்று.

அந்த வாரம் டீக்கடை டி.வி.யில் கோட்டு போட்ட ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். வளரும் நாடுகளில் ஜனங்கள் அதிக நாள் உயிரோடு இருக்கிறார்களாம், அதனால் அரசாங்கத்துக்குப் பென்ஷன் பெரிய சுமையாம், ஓய்வு பெறும் வயதைக் கூட்டினால்தான் நாடு தாங்குமாம். கூடையைத் தலையில் வைத்துப் பார்த்தால் தெரியும் சுமை என்றால் என்ன என்று. எங்கள் அளத்தில் எவள் ஓய்வு பெற்றாள், வயதைக் கூட்டுவதற்கு? கால் நிற்கும் வரை வேலை, நின்றதும் பட்டினி, இதுதான் இங்கே சட்டம். கூலிக்குப் போனால் இளமையாக இருக்க வேண்டும், பென்ஷனுக்குப் போனால் கிழவியாக இருக்க வேண்டும். ஒரு உடம்புக்கு இரண்டு வயது எங்கிருந்து கொண்டு வருவது? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று எல்லாருக்கும் சொல்லத் தெரிகிறது. அந்த உப்பை வாரினவளை யார் நினைத்தார்கள்? இதையெல்லாம் டீக்கடையில் சத்தமாகவே சொன்னேன். மாஸ்டர் டி.வி.யை அணைத்துவிட்டார்.

கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்த்தோம். புதிதாக வந்த பெண், என் மகள் வயதுதான் இருக்கும். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "வயசுக்கு ஆதாரம் இல்லைன்னா அரசாங்க டாக்டர் பாத்து சர்ட்டிபிகேட் தரலாம்மா. அதை வெச்சு கார்டுல மாத்தலாம். ஆனா அதுக்கு முன்னாடி நான் விசாரிச்சு எழுதணும். அவங்க வயசுக்காரங்க ரெண்டு பேர் சாட்சி சொல்லணும். அவங்க உப்பு வேலை செய்யுறாங்களான்னும் நேர்ல பாக்கணும். நானே அளத்துக்கு வர்றேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எங்களுக்கு அதுதான் வில்லங்கம்.

அளத்தில் வந்து விசாரித்தால் மேஸ்திரி பக்கத்தில் நிற்பார். அண்ணிக்கு அறுபத்தாறு என்று சாட்சி சொல்கிறவள் தனக்கும் அறுபத்தாறு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அண்ணியோடு ஒரே மாதத்தில் வயதுக்கு வந்த சிநேகிதி ஒருத்தி எங்கள் செட்டில் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே பந்தலில் சடங்கு சுற்றினார்களாம். அவளைவிட நல்ல சாட்சி யார்? மத்தியானம் கஞ்சி குடிக்கிற நேரத்தில் போய்க் கேட்டேன். அவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டாள். "உங்க அண்ணிக்கு அறுபத்தாறுன்னா எனக்கும் அறுபத்தாறும்மா. அது அந்த ஆள் காதுல விழுந்தா எனக்கும் சீட்டு கிழிஞ்சிடும். என் பொண்ணு வாழாவெட்டியா வந்து வூட்ல குந்தினு இருக்குது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு" என்றாள். மற்றவர்களும் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

திரும்பி நடக்கும்போது அண்ணி, "விட்டுடு. எனக்கு ஒருத்திக்கு சோறு வேணும்னு பத்து பேர் சோத்துல மண்ணைப் போடணுமா?" என்றார். "அப்போ உங்க தம்பி வூட்டு சோறு தின்னுங்க" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன், சுருக்கென்று தைக்கட்டும் என்று. அன்று முதல் அண்ணி வீட்டிலும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போதுகூட அவிழ்க்கவில்லை. பங்குனியில் நாங்கள் சாயம் கரைத்தபோது கூப்பிட்டேன், "எனக்கு அப்புறம்" என்று சொல்லிவிட்டார். என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை மாதம் ஒரு நாள், பாத்தியெல்லாம் உப்பு பூத்து, வாரி எடுத்து, வரப்பு நெடுகக் குட்டிக் குட்டிக் குவியலாக வைத்திருந்தோம். அதையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு போய் மேட்டில் இருக்கிற பெரிய அம்பாரத்தில் சேர்க்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை ஒரு அடி அடித்தால் வரப்பில் இருப்பது அத்தனையும் தண்ணீராகப் போய்விடும். மேஸ்திரி கரைக்கும் பாத்திக்கும் ஓடிக்கொண்டிருந்தார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று தொண்டை கட்டிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வரப்பு மேல் அலுவலர் வந்தார். வருவதாக எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பியிருந்தால் பாதிப் பேர் லீவு போட்டிருப்பார்கள்.

மேஸ்திரி கும்பிட்டார், ஒரு கண் மேகத்தின் மேலேயே இருந்தது. அலுவலர் அண்ணியைக் காட்டி, "இவங்க இங்கதான் வேலை செய்யுறாங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க மேடம்." "எத்தனை வயசிருக்கும் இவங்களுக்கு?" மேஸ்திரி, "அம்பதுக்கு மேல இருக்காதுங்க. வயசானவங்களை நாங்க வெச்சிக்கிறதே இல்ல. இங்க வேலை கஷ்டம்" என்றார்.

அலுவலர் எங்களைப் பார்த்துத் திரும்பினார். "இவங்க வயசுக்காரங்க யாராவது இருக்கீங்களா?"

எல்லாரும் தலையிலிருந்த கூடையைச் சரி செய்துகொண்டார்கள். எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் நான் சொல்லி என்ன பிரயோஜனம்? நான் சின்னவள், நாத்தனாருக்கு வேண்டியவள், என் சாட்சி செல்லாது. அலுவலர் கையிலிருந்த பேனாவை மூடப் போனார்.

அண்ணி கூடையை இறக்கி வைத்தார். தலையிலிருந்த சும்மாட்டை எடுத்தார். பிறகு துண்டை அவிழ்த்தார்.

மாசியிலிருந்து சாயம் படாத தலை, பழைய சாயமும் உப்பிலும் வியர்வையிலும் வெளுத்துப் போயிருந்தது. நுனியில் மட்டும் பழைய கறுப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வகிட்டிலிருந்து கீழே நல்ல வெள்ளை, பாத்தியில் அப்போதுதான் பூத்த உப்பு மாதிரி. அண்ணிக்கு இவ்வளவு நரை என்று அவருக்குச் சாயம் பூசிவிடுகிற எனக்கே தெரியாது. "எனக்கு அறுபத்தாறும்மா" என்றார். "எந்த ஸ்கூல்லயும் எழுதி வெக்கல. யாரும் சாட்சி சொல்ல வேணாம், அவங்க பொழைக்கணும். நீயே பாத்து எழுதிக்கோ. மேஸ்திரி, நான் பொய் சொல்லித்தான் உங்கிட்ட வேலை செஞ்சேன். ஆனா கூடையில பொய் சொல்லல."

துண்டு என் மேலிருந்த கோபம் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. மற்றவர்களை இழுக்காமல் தான் மட்டும் கிழவியாகி நிற்க, அண்ணி ஒரு மாதத்துக்கு மேலாகத் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

பக்கத்தில் இன்னொரு கூடை இறங்குகிற சத்தம் கேட்டது. சிநேகிதி. அவளும் துண்டை அவிழ்த்தாள். பங்குனியில் பூசிய சாயம், வேரில் வெள்ளை எட்டிப் பார்த்தது. "எனக்கும் அவளுக்கும் ஒரே பந்தல்ல சடங்கும்மா. எழுதிக்கோங்க" என்றாள். அவ்வளவுதான். வரப்பு நெடுகக் கூடைகள் இறங்க ஆரம்பித்தன. "எனக்கு அறுபத்து மூணு." "நான் அவளுக்கு ரெண்டு வருஷம் சின்னவ." "எனக்குத் தெரியாதும்மா, ஆனா என் பெரிய பையனுக்கே நாப்பத்தஞ்சு." கார்டில் அந்த அம்மாவுக்கும் மகனுக்கும் எட்டே வயதுதான் வித்தியாசம். அலுவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார்.

மேஸ்திரி அவர் எழுதுவதை எட்டிப் பார்த்தார். "இத்தினி வருஷமா கெழவிங்களை வெச்சிக்கினா நான் வேலை வாங்கினேன்?"

எனக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. "ஆமாங்க மேஸ்திரி. அதோ மலை மாதிரி இருக்குதே அம்பாரம், அதைக் குவிச்சது இந்தக் கெழவிங்கதான். மழை வருது. இப்ப சொல்லுங்க. நாங்க கூடையைத் தூக்கவா, வூட்டுக்குப் போகவா?"

அவர் மேகத்தைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். எங்கள் தலைகளைப் பார்த்தார், இந்தத் தடவை முகத்தையும் பார்த்தார். "தூக்குங்கம்மா" என்றார். குரல் கட்டிப்போனதாலோ என்னவோ, ரொம்ப மெதுவாக வந்தது.

அன்றைக்குத் தூக்கினதுபோல நாங்கள் என்றைக்கும் தூக்கியதில்லை. யாரும் துண்டு கட்டவில்லை, தலைமேல் வெறும் சும்மாடுதான். ஒருத்தி நாட்டுப்பாட்டு எடுத்துவிட்டாள், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினார்கள். அண்ணியைத் தூக்க வேண்டாம் என்று அம்பாரத்து மேட்டில் உட்கார வைத்தோம். அங்கிருந்தே, "ஏய், அந்தக் கோடிக் குவியலை மறந்துட்டீங்க பாரு" என்று எங்களை அதட்டினார். கடைசிக் கூடையைக் கொட்டி, கீற்றுப் போட்டு மூடி, கல்லை வைத்தபிறகுதான் முதல் தூறல் விழுந்தது. எல்லாரும் நனைந்தோம். யார் தலையிலிருந்தோ சாயம் கரைந்து கன்னத்தில் வழிந்தது. அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு நடந்தது எல்லாம் அலைச்சல்தான், ஆனால் கதவு திறந்துவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் அண்ணியின் பல்லைப் பார்த்தார், முட்டியைப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். அறுபத்தைந்து என்று எழுதப் போனார். அண்ணி விடவில்லை. "அறுபத்தாறு டாக்டர். ஒரு வயசை எதுக்கு நான் சும்மா வுடணும்?" என்று சண்டை போட்டு வாங்கினார். கார்டு மாறியது. கம்ப்யூட்டர் சென்டர் பெண் இந்தத் தடவை பாட்டி என்று கூப்பிட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. பென்ஷன் வந்த அன்று அண்ணி பேங்கிலிருந்து நேராகக் கடைக்குப் போய் ஒரு பெரிய பாக்கெட் டீத்தூள் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பணத்தில் ஒன்றும் மாளிகை கட்ட முடியாது. கறி எடுப்பதற்கு யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் அது தம்பி கொடுத்ததில்லை, மேஸ்திரி கொடுத்ததில்லை. தெரு முழுக்கக் கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க அக்கா இன்னிக்குத்தான் என்னைவிடப் பெரியவ ஆச்சு" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செட்டில் மற்றவர்களுக்கும் நான்தான் மனு எழுதினேன். சிநேகிதிக்கும் வந்துவிட்டது, இரண்டு பேருக்கு இன்னும் இழுக்கிறது. விட மாட்டேன். இந்தத் தையில் பொங்கல் முடிந்த மறுநாள் பெட்டிக்கடைக்காரர் சாயப் பாக்கெட்டை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு எங்கள் தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் போகவில்லை. அளத்தில் வரிசையில் நின்றபோது மேஸ்திரி எங்கள் தலையைப் பார்க்கவில்லை. "எல்லாரும் வந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அண்ணி வரவில்லை. அவர் வராதது மேஸ்திரி வேண்டாம் என்றதால் இல்லை, அவரே வேண்டாம் என்று விட்டதால்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியின் பைக் எங்கள் தெருவில் வந்து நின்றது. தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். அண்ணி வீட்டு வாசலில் தயங்கித் தயங்கி நின்றவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தன் டீத்தூளில் திக்காக ஒரு டீ போட்டுக் கொடுத்தார் அண்ணி. நான் இதை விடுவேனா, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன். டீ பாதி குடித்ததும் மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. மொதலாளி ஆளு மாத்தப் போறாராம். வயசான மேஸ்திரி வேணாம்னு சொல்றாரு. அந்தக் கார்டு முகாம்ல, உங்க பின்னாடி நானும் நின்னேன் இல்ல... மொதலாளி மவன் பக்கத்துல இருந்தான். அதான் நானும் நாப்பதுன்னு சொல்லிட்டேன். இப்ப பென்ஷன் கேட்டா..."

அண்ணி அவர் தொப்பியைப் பார்த்தார். பிறகு டம்ளரை வாங்கி, இன்னும் கொஞ்சம் டீ ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

"மொதல்ல தொப்பியை எடுங்க மேஸ்திரி" என்றார். "பாப்போம்."